சுறா எண்ணெ மணக்குத மாதா படம்

அண்ணே, என் பொன்னண்ணே, நீ போயி ஒரு வருசமாச்சு. பேரச் சொல்லி எழுத இன்னும் கை வரல்ல. அண்ணேன்னே எழுதுகேன்.

எங்க அண்ணன் பட்டாளத்துல இருந்து வரும்போது பெட்டிக்குள்ள ஒரு மாதா படம் கொண்டாந்தான். சின்னப் பலகையில எழுதுன படம். இத்தாலியில குண்டு விழுந்து இடிஞ்ச கோயில்ல எடுத்ததுன்னான். "என் பிள்ளைய உசிரோட கொண்டாந்தவ இவதான்"னு அம்மை அதுக்கு வெளக்கு வச்சா. தெருவே வந்து முத்தம் குடுத்துச்சு. கடக்காத்துல பலகை அரிச்சிராம இருக்க, வள்ளத்துக்குப் பூசுத சுறா எண்ணெய சனிக்கெழம தோறும் பூசுவா. மாதா மொகம் கறுத்தே போச்சு.

"அம்மா, மாதாவயும் வள்ளமாக்கிப் போட்டியே"ன்னு அண்ணன் சிரிப்பான். ஆனா படத்துக்கு முன்னால முட்டுப் போட மாட்டான்.

நெஞ்சுச் சீக்கு வந்து நாகர்கோவில் ஆசுபத்திரியில கெடக்கும்போதுதான் எங்கிட்ட சொன்னான்.

"ஏட்டி, அந்த மாதா படம் கெடந்து எடுத்ததில்ல. ஒரு கெழவி கையெடுத்துக் கும்புட்டுட்டே லாரிக்குப் பின்னால ஓடி வந்தா. நான் எறங்கல்ல. அதத் திருப்பி அனுப்பணும். களவாண்டேன்னே எழுதணும், கேட்டியா?"

அம்மை ஒத்துக்கவே இல்ல. "அவளயும் அனுப்பிட்டா ஒனக்கு யாருலே தொண?" அந்த வாரமே போயிட்டான்.

முப்பதாம் நாள் பூச முடிஞ்சதும் அம்மையே படத்த அவன் பட்டாளத்துக் கம்பளியில பொதிஞ்சு எடுத்தா. பலகைக்குப் பின்னால இருந்த ஊர்ப் பேர எங்க பங்குச் சாமியார் வாசிச்சுச் சொன்னாரு. கடுதாசி எழுத ஒக்காந்தப்ப அம்மை சொன்னா, "பத்திரமா வச்சிருந்தான்னு எழுதுங்க சாமி."

"களவாண்டான்னு எழுதுங்க. அவன் அப்பிடித்தான் சொன்னான்"னு நான் சொல்லிட்டேன். சாமியார் அப்பிடியே எழுதி, படத்தோட அந்த ஊர்க் கோயிலுக்கு அனுப்புனாரு. அம்மை எட்டு நாள் எங்கூட பேசல்ல, மிண்டல்ல. எனக்கும் செத்தவன நானே காட்டிக் குடுத்துட்டனோன்னு இருந்துது.

போன வாரம் பதில் வந்துது. சாமியார் வாசிச்சாரு. அந்தக் கெழவி இப்ப இல்லியாம். மவ இருக்காளாம். கறுப்பத் தொடச்சதும் மாதா மொகம் தெளிஞ்சுதாம். அண்ணன அவிய மன்னிச்சாச்சாம். கோயில்ல செபிக்க அவன் பேரு வேணுமாம். கடைசியில, 'படத்துல ஒரு மணம் போகவே மாட்டேங்கு. அது ஒங்க ஊரு சாம்பிராணியா?'ன்னு ஒரு கேள்வி.

அம்மை அழுதுட்டே சிரிச்சுப் போட்டா. "சுறா எண்ணென்னு எழுதுங்க சாமி." பொறவு என் கையப் புடிச்சுக்கிட்டு, அண்ணன் பேர மெதுவாச் சொன்னா.

முன்ன பின்ன தெரியாதவிய அங்க அவனுக்காக செபிக்காவ. இத வாசிக்குத நீங்களும், எடுத்ததத் திருப்பிக் குடுத்த ஒரு பிள்ளைக்குன்னு நெனச்சு, எங்க அண்ணனுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க.