திட்டுவதற்கு ஆள் இருக்கிற ஊர்

சாசின் பட்டணத்துக்கு மேலே இருக்கிற எங்கள் மலை ஊர்களில் சேவல் கூவுவதற்கு முன்னால் என் மருமகள் மெவ்லிதாவின் குரல் கேட்டுவிடும். அவள் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள். இருட்டோடு பேக்கரியில் ரொட்டி ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகக் கடைகளில் இறக்குவாள். இறக்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைத் திட்டுவது.

"டேய், ஷூ கயிறு அவுந்து கெடக்கு, பல்லு ஒடையணுமா? ஏய், பாலத்துச் சுவத்து மேல ஏறாத. நீ யாரு பிள்ள?"

யார் பிள்ளை என்று கேட்பாளே தவிர, பதிலுக்கு நிற்கமாட்டாள். வண்டி அடுத்த திருப்பத்துக்குப் போயிருக்கும். திட்டு வாங்கினவனின் அம்மா மறுநாள் கடையில் அவளைப் பார்த்து நன்றி சொல்லுவாள். எங்கள் பக்கம் அப்படித்தான்.

அவள் வளர்ந்ததே திட்டில்தான். போர் வந்தபோது சின்னப் பெண். அப்பா சண்டைக்குப் போய்விட்டார், அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கப் போய்விட்டாள். பிள்ளை தெருவில். குண்டு விழுகிற நாளிலும் ஆற்றுக்குப் போவாள், மரம் ஏறுவாள். தபால்காரர் திட்டினார், மாவு மில்காரர் திட்டினார், பள்ளிவாசல் கூட்டுகிற கிழவர் காதைத் திருகினார். ஒருநாள் ஷாஹா என்று ஒருத்தி, சொந்தமும் கிடையாது பழக்கமும் கிடையாது, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, காது கூசுகிற மாதிரி திட்டி, இவளை நிலவறைக்குள் நெட்டித் தள்ளினாள். இவள் அழுதுகொண்டே படி இறங்கினாள். இவள் நின்றிருந்த இடத்தில் அப்புறம் ஒரு குழிதான் இருந்தது.

என் மகன் ரிஃபெத்துக்கு அவளைப் பேசி முடித்தபோது, கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன்.

"என்னைத் திட்டினவங்க எல்லாரையும்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கு மண்டபமும் போதவில்லை, ஆட்டுக்கறியும் போதவில்லை.

ரிஃபெத் தரைக்குக் கல் பதிக்கிறவன். இங்கே வேலை இல்லாமல் ஆஸ்திரியாவுக்குப் போனான். அப்போது சின்னவன் ஜெமில் தவழ்ந்துகொண்டிருந்தான். பெருநாளுக்கு வருவான், படுக்கை சூடாவதற்குள் கிளம்பிவிடுவான். போன பெருநாளுக்கு அதுவும் இல்லை. அப்புறம் ஏப்ரலில் போன் வந்தது. லின்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு காலியாம். வீட்டுக்காரக் கிழவருக்கு இவன் குளியலறைக்குக் கல் பதித்துக் கொடுத்திருக்கிறான். அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போய், குடும்பத்தைக் கூட்டிவந்து தங்கிப் பார், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல், அதுவரை வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்றாராம்.

"வந்து பாரு, மெவ்லிதா. நீ சரின்னா சரி. வேணாம்னா நான் மூட்டை கட்டிக்கிட்டு வந்துடறேன். வேலை இல்லேன்னாலும் பரவாயில்ல. இப்படித் தனியாக் கெடக்க இனிமே என்னால ஆகாது."

அவன் வந்துவிட்டால் ரொட்டி வண்டியில் வருகிறதைக் கொண்டு ஐந்து வாய்க்குச் சாப்பாடு போடவேண்டும். அவள் சரி என்றுவிட்டால் பிறந்த மண்ணை விடவேண்டும். இரண்டில் ஒன்று அவள் வாயில் இருந்தது.

பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போ, போய்ப் பார்ப்பதற்குப் பிள்ளைகள் எதற்கு என்று அவள் அக்கா சொன்னாள்.

"வாழப்போறது அதுங்கதானே அக்கா. கால்ல போட்டுப் பாக்காம யாராவது ஷூ வாங்குவாங்களா?"

என்னை யாரும் கூப்பிடவில்லை. நான்தான் காபித்தூளையும் காபிச் செம்பையும் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இறங்கச் சொல்லிப் பார்த்தார்கள். நான் இறங்கவில்லை.

வண்டி ஹுசேயினுடையது. வாராவாரம் ஆட்களையும் பொட்டலங்களையும் ஏற்றிக்கொண்டு போகிறவன். எங்களோடு கறி வைத்துச் சுட்ட புரெக் ஒரு சட்டி, இரண்டு பாட்டில் மிளகாய்த் துவையல், ரிஃபெத்துக்கு என்று ஒரு முழுப் பாலாடைக்கட்டி. பேத்தி ஸெய்னாவுக்கு ஏழு வயது. அவளுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. ஒவ்வொரு பாலம் வந்தபோதும் கேட்டாள்.

"ஹுசே மாமா, இதுதான் ஆஸ்திரியாவா?"

"இது இன்னும் உங்க ஊரு ஆறும்மா. ஆஸ்திரியா வந்தா நானே சொல்றேன், அதுவரைக்கும் வாயை மூடிட்டு வா."

"வாயை மூடிக்கிட்டா எனக்கு வாந்தி வரும்."

"அப்ப பேசு தாயே, பேசு."

எல்லையில் குரோஷியாக்காரக் காவலர் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். மெவ்லிதா வாயைத் திறப்பதற்குள் ஸெய்னா முந்திக்கொண்டாள்.

"ஊரு பாக்கப் போறோம். பிடிச்சா இருப்போம். பிடிக்கலேன்னா இதே வழியாத் திரும்பி வருவோம்."

அவர் சிரிக்காமல் கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார். "நல்ல ஊரா இருந்தா எனக்கும் சொல்லிட்டுப் போ பாப்பா" என்று கொடுத்துவிட்டார். ஜெமில் எல்லை வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, தாண்டினதும் என் மடியில் வாந்தி எடுத்தான்.

ரிஃபெத் தெருமுனையில் நின்றிருந்தான். புதிதாகச் சவரம் செய்து, தாடையில் இரண்டு இடத்தில் கீறிக்கொண்டிருந்தான். ஜெமில் அவனை ஏற இறங்கப் பார்த்தான். அவனுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற உள்ளங்கை அளவு ஆள்.

"அம்மா, அப்பா ரொம்பப் பெருசா இருக்காரு" என்றான் ரகசியமாக.

வீட்டை நான் குறை சொல்லமாட்டேன். குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர். பால்கனியில் நின்றால் ரயில் போவது தெரியும். மாடிப்படி விளக்கு தானாக அணைந்துவிடும், பொத்தானை அமுக்கினால் திரும்ப எரியும். பிள்ளைகள் அன்றைக்கு முழுக்க அந்தப் படியிலேயே ஓடினார்கள். விளக்கு அணைவதற்குள் யார் கீழே போய்ச் சேருவது என்று பந்தயம். ஸெய்னா தனக்கு ஜன்னல் ஓரம், தம்பிக்குக் கதவோரம் என்று அறையைப் பங்குபோட்டுவிட்டாள். ரிஃபெத் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினான். மெவ்லிதா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"தண்ணி வருது, சூடு வருது, எல்லாம் சரி. ஜனங்க எப்படி?"

"தங்கம். யாரும் யாரு விஷயத்துலயும் தலையிடமாட்டாங்க."

பெருமையாகத்தான் சொன்னான். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அந்த மாடிப்படி விளக்கு மாதிரி அணைந்துபோனது.

மறுநாளிலிருந்து அவள் ஊரைச் சோதிக்க ஆரம்பித்தாள். எப்படி என்றால், பிள்ளைகளை அவிழ்த்துவிட்டாள். பேக்கரியில் ஜெமில் வரிசையாக வைத்திருந்த பன்னுகளில் விரலால் குத்திக்கொண்டே போனான். கடைக்காரப் பெண் பார்த்தாள், சிரித்தாள், அந்தப் பன்னுகளைச் சத்தமில்லாமல் எடுத்து உள்ளே வைத்தாள். சதுக்கத்தில் இரண்டும் செருப்போடு நீரூற்றுக்குள் இறங்கின. ஓவர்கோட் போட்ட ஒரு பெரியவர் தன் மேல் தெறித்ததைத் துடைத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஸெய்னா கல் சிங்கத்தின் முதுகில் ஏறி நின்று கத்தினாள். எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"பாத்தீங்களாம்மா?" என்றாள் மெவ்லிதா என்னிடம். "சிரிச்சே கொல்றாங்க. பிள்ள விழுந்தாலும் சிரிச்சிக்கிட்டே சுத்திப் போவாங்க போல."

"மரியாதைப்பட்ட ஜனங்க" என்றான் ரிஃபெத்.

"மரியாதைய வெச்சி எந்தப் பிள்ள வளருது?" என்று திருப்பிக் கேட்டாள்.

வியாழக்கிழமை நடந்ததுதான் பெரிது. வெள்ளிக்கிழமை என்கிறான் ரிஃபெத். வியாழக்கிழமைதான், நான் இருந்தேன். நடைபாதையில் வந்துகொண்டிருந்தோம். அந்த ஊர்ப் பையன் ஒருவன் சைக்கிளில் திரும்பிப் பார்க்காமல் லாரிக்கு முன்னால் பாய்ந்தான். மெவ்லிதா கையிலிருந்த பையை எறிந்துவிட்டு, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து ஓரத்தில் நிறுத்தினாள். நிறுத்தியதோடு விட்டாளா? எங்கள் மொழியில், எங்கள் ஊர் ரொட்டி வண்டிக் குரலில், "கண்ணு எங்கடா இருக்கு, முதுகுலயா? உன் ஆத்தா அழுறதுக்கா பெத்தா?" என்று பிடித்துக்கொண்டாள். பையனின் அம்மா ஓடிவந்தாள். பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, மெவ்லிதாவின் கையை ஏதோ அழுக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நன்றியும் இல்லை, திட்டும் இல்லை. போய்விட்டாள்.

ரிஃபெத்துக்கு வேர்த்துவிட்டது. "இங்க அடுத்தவங்க பிள்ளையத் தொடக்கூடாது. திட்டவும் கூடாது. போலீஸைக் கூப்பிட்டா என்ன செய்வே?"

"லாரி அடிச்சிருந்தா யாரைக் கூப்பிட்டிருப்பா?"

"மெவ்லிதா, புரிஞ்சிக்கோ."

"புரிஞ்சிடுச்சு. என் பிள்ள லாரிக்கு முன்னாடி போனா இந்த ஊர்ல யாரும் அவன் காலரைப் பிடிக்கமாட்டாங்க. நான் ரெண்டு கண்ணும் ரெண்டு கையும் வெச்சிக்கிட்டு எத்தனை பக்கம் ஓடுவேன்? நான் வரல ரிஃபெத். நீ வந்துடு."

வெள்ளிக்கிழமை அவள் பைகளைக் கட்டினாள். அவன் ஏற்கெனவே கழுவியிருந்த காபிக் கோப்பைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினான். ஸெய்னா தன் ஜன்னல் ஓரத்தில் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பேரப்பிள்ளைகள் போகவேண்டாம், அதை நான் யாரிடமும் மறைத்தது கிடையாது. ஆனாலும் என் மகன் கோப்பை கழுவியதை என்னால் பார்க்கமுடியவில்லை.

சனிக்கிழமை காலை. மதியம் வீட்டுக்காரருக்குப் போன் போடவேண்டும், அதற்குப் பிறகு ஹுசேயின் வண்டி வரும். பைகளைக் கீழே இறக்கி, முற்றத்தில் வைத்தோம். அங்கே கம்பளம் போட்டு அடிப்பதற்கு ஓர் இரும்புக் கம்பி உண்டு, ஆள் உயரம். ஜெமில் அதில் முழங்காலை மடித்து மாட்டி, வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கினான். கீழே சிமெண்டுத் தரை. தலை ஈரம், குல்லா இல்லை, மேல்சட்டை வயிறு வரைக்கும் திறந்து கிடந்தது. ஸெய்னா அவனைப் பிடித்து ஊஞ்சல் ஆட்டினாள். மெவ்லிதா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கிளம்புகிற நேரத்தில் அவளுக்குத் திட்டக்கூட மனசில்லை.

அப்போது இரண்டாவது மாடியில் ஜன்னல் படாரென்று திறந்தது.

அம்மாடி, என்ன குரல் அது. சமையல் உடுப்போடு ஒரு கிழவி, என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள், பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். எனக்கு ஜெர்மன் ஒரு எழுத்தும் வராது. ஒரு சொல்லும் எனக்குப் புரியாமல் போகவில்லை. ஜன்னல் மூடியது, படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது, கதவு திறந்தது. வந்தவள் நேராகப் போய் ஜெமிலை இடுப்பில் பிடித்து, கழற்றி, நிமிர்த்தி, தரையில் நிறுத்தினாள். மேல்சட்டையின் ஜிப்பைத் தொண்டை வரைக்கும் ஒரே இழுப்பு. தன் உடுப்பு நுனியால் அவன் மூக்கைத் துடைத்தாள். ஸெய்னாவுக்கு விரலை ஆட்டி ஒரு பாட்டம். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

ரிஃபெத்தின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. "போச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவாங்க. மன்னிப்புக் கேளு மெவ்லிதா."

"என்ன சொல்றா, அதைச் சொல்லு முதல்ல."

"தலை பிளந்தா யாரு பொறுப்புன்னு கேக்கறாங்க."

"அப்புறம்?"

"இந்தக் காத்துல ஈரத் தலையோட விட்டிருக்கியே, குல்லா எங்கேன்னு கேக்கறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம், நீயெல்லாம் ஒரு..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"முழுங்காதே, சொல்லு."

"நீயெல்லாம் ஒரு அம்மாவான்னு. நம்ம அம்மாவையும் சேத்துதான். இந்த வயசுல புத்தி வேணாமான்னு."

மெவ்லிதா சிரித்தாள். ஐந்து நாளாக நான் பார்க்காத சிரிப்பு, பல் எல்லாம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அந்தக் கிழவிக்கு இன்னும் கோபம் வந்து, முதலில் இருந்து திரும்ப ஆரம்பித்தாள். மெவ்லிதா மார்பில் கை வைத்துக்கொண்டு, கடைசிவரைக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கிழவிக்கு மூச்சு வாங்கியதும், "கேளு, அவங்க எப்பவும் வீட்லதான் இருப்பாங்களா?" என்றாள்.

ரிஃபெத் தடுமாறிக் கேட்டான். கிழவி அவனையே முறைத்தாள்.

"எங்கே போகப்போறேன், முட்டி வலியோடன்னு கேக்கறாங்க. நாள் முழுக்க அந்த ஜன்னல்லதானாம்."

"பையை மேல கொண்டு போ."

"என்னது?"

"பையை மேல கொண்டு போன்னேன். அந்தக் கிழவருக்குப் போன் போடு. நேரம் ஆகுதில்ல?"

ஜெமிலுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. இரண்டாவது மாடிக்காரி அவனைப் பார்த்து, இப்போது எதற்கு அழுகிறாய் என்று அதற்கும் ஒன்று திட்டிவிட்டுப் படி ஏறினாள். பாதிப் படியில் விளக்கு அணைந்தது. ஸெய்னா ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினாள்.

முதல் தடவை ரிஃபெத் எண்ணைத் தப்பாக அமுக்கினான். இரண்டாம் தடவை அழைப்பு போனது. மெவ்லிதா போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஜெர்மன், ஆமாம் என்பதற்கான ஒரே ஒரு சொல். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, என்ன சொன்னாரோ, இவள் விடவில்லை.

"யா" என்றாள். "யா, யா." அவர் ஏதோ நீளமாகப் பேசினார். பேசி முடிக்கிறவரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, ரொட்டி வண்டிக் குரலில், முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை சொன்னாள்.