கூத்தையாவின் கைதட்டல்

ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே, கண்மாய்த் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர் அது. அங்கே கூத்தையாவைத் தெரியாதவர் கிடையாது. ஒரு ஏக்கர் வயல், ஒரு மைக் செட், அவ்வளவுதான் சொத்து. காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி எதுவானாலும் பனை உயரத்துக்கு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி ஊரை அதிர வைப்பார்.

ஆனால் அவர் மனசு அந்தக் குழாய்ப் பாட்டுகளில் இல்லை. இருபது வருடத்துக்கு முன் தேவகோட்டையில் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு மைக் கட்டப் போனார். அங்கே தியாகராஜர் கீர்த்தனை ஒன்றைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பந்தியை மறந்து உட்கார்ந்திருந்தார். என்ன மொழி, என்ன பொருள், ஒன்றும் தெரியாது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. திரும்பி வந்து ஒன்பது பேரைச் சேர்த்தார். உரக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், மற்றவர்கள் எல்லாம் வயல்வேலை பார்க்கும் சம்சாரிகள். 'தியாகராஜர் இசை ரசிகர் சபை' அப்படிப் பிறந்தது. ஒருவருக்கும் பாடத் தெரியாது. கேட்கத்தான் சபை.

முதல் வருடம் தையில் நடத்திய தியாகராஜர் ஆராதனைக் கச்சேரியில் மானமே போயிற்று. மதுரையிலிருந்து வந்த பாடகர் நடுவில் சற்றே நிறுத்த, பாட்டு முடிந்ததென்று கூட்டம் கைதட்டிவிட்டது. இரண்டு பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தே போய்விட்டார்கள். பாடகர் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கே சபையில் சட்டம் போட்டார்கள்: செயலாளர் கூத்தையா தட்டிய பிறகுதான் மற்றவர்கள் தட்ட வேண்டும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். பாட்டு முடிந்து ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துக் கை தட்டுவார். இத்தனை வருடத்தில் ஒரு தரம்கூட அவர் கை தப்பியதில்லை.

அவருடைய ஒரே மகள் யுவராணி. ராமநாதபுரம் இசைப்பள்ளியில் படித்து, இப்போது மதுரையில் பாட்டு டீச்சர். பதினாறு வயதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை.

"அய்யா, நம்ம சபையில ஒரு தடவ பாடுறேன்யா."

"வர்ற வருசம் பாக்கலாம் தாயி. செயலாளரு தன் மகளயே மேடை ஏத்திட்டாருன்னு ஒரு வார்த்த வந்திரக் கூடாது."

"சரி, போன்லயாவது கேளுங்களேன்."

"அரைகொறயா எதுக்கு? மேடையில முழுசாக் கேக்குறேன்."

வர்ற வருசம், வர்ற வருசம் என்றே பதினோரு வருடம் ஓடியது. பாழாய்ப்போன அந்த வீம்பு!

போன கார்த்திகையில்தான் விஷயம் தெரிந்தது. வாசலில் பால்காரர் மணி அடித்தது கேட்கவில்லை. மனைவி இருளம்மாள் கூப்பிட்டது கேட்கவில்லை. முப்பது வருடம் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்ற காது. பார்த்த டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்: 'நரம்பு போய்விட்டது. மெஷின் வைத்தாலும் இரைச்சல்தான் கேட்கும்.'

பஸ்ஸில் திரும்பும்போது கூத்தையா அழவில்லை. இறங்கும் இடத்தில்தான் இருளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இந்த வருசம் பிள்ளையப் பாடச் சொல்லீரலாம். ஆனா அவளுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா அவளால வாய் தெறக்க ஏலாது."

ஆராதனை நாள் வந்தது. அறுவடைக் காலம். சாயங்காலம் நாலு மணிக்குக் கதிர் அடிக்கும் மிஷினை வயலிலேயே நிறுத்திவிட்டு, தலையில் ஒட்டிய தூசியோடு ஜனம் சமுதாயக் கூடத்துக்கு வந்தது. கூத்தையா முன்வரிசையில். இருளம்மாள் அவருக்குப் பின்னால். காலையிலேயே பாடம் ஆகியிருந்தது.

"நான் எப்பவும் போலக் கண்ண மூடிக்கிருவேன். பாட்டு முடிஞ்சதும் முதுகுல கிள்ளு."

முடிந்தது தனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கையாட்டிக் கேட்டாள்.

"பிடில்காரரு வில்லக் கீழ எறக்குவாரு. அதயே பாரு. வேற எங்கயும் பாக்காத."

உரக்கடை செல்லச்சாமி வந்து தோளைத் தட்டினார்.

"என்னண்ணே, மக கச்சேரி. இன்னைக்காவது ஒரு மூச்சு முன்னாடி தட்டுவியளா?"

கூத்தையா அவர் உதட்டசைவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சட்டம்னா சட்டம்தேன்!" குரல் கொஞ்சம் உரக்கத்தான் வந்தது.

யுவராணி மேடையேறினாள். அரக்குச் சேலை. அய்யாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கினாள். பாட்டு மெல்ல மேலேறியது. கதிர் அறுத்த கைகள் மடியில் அசையாமல் கிடந்தன. எல்லோரும் அவளையே பார்த்தார்கள், பெற்ற தாயைத் தவிர. மகளின் முதல் மேடையைப் பார்க்காமல் இருளம்மாள் அந்த வில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே, இன்னும் மேலே என்று குரல் போன நேரம், பிடிலில் ஒரு தந்தி இளகியது. முறுக்குவதற்காகப் பிடில்காரர் வில்லை இறக்கினார்.

இருளம்மாள் கிள்ளினாள்.

கூத்தையா ஒரு மூச்சு பொறுத்தார். தட்டினார்.

சட்டம் சட்டம்தானே? கூடமே தட்டியது. உச்சியில் நின்ற யுவராணியின் குரலை அந்தக் கைதட்டல் அப்படியே அமுக்கிவிட்டது. பாட்டு நின்றது. கூத்தையா கண்ணைத் திறந்தார். மகளின் வாய் பாதியில் திறந்தபடி இருந்தது. அவர் கைகள் அந்தரத்தில் நின்றன.

அய்யா தப்பாகத் தட்ட மாட்டாரே! யுவராணி அவரைப் பார்த்தாள். பின்னால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்ட அம்மாவைப் பார்த்தாள். இரண்டு மாதமாகப் போனில் அம்மாவே பேசியது, அய்யா குளிக்கிறார், தூங்குகிறார் என்று சொன்னது, எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

அவள் எழுந்தாள். மேடையை விட்டு இறங்கி வந்து அய்யாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் விரித்து வைத்து, உள்ளங்கையில் தாளம் போட்டபடி, விட்ட இடத்திலிருந்து பாடினாள். மைக் மேடையிலேயே நின்றது. குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனாலும் தாளம் தப்பவில்லை.

கடைசித் தட்டு விழுந்தது. அவள் விரல்கள் அசையாமல் நின்றன.

கூடத்தில் யாரும் தட்டவில்லை. எல்லோரும் கூத்தையாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு மூச்சு பொறுத்தார். பிறகு தட்டினார். அதற்குப் பிறகுதான் கூடம் தட்டியது. செல்லச்சாமி தட்டிக்கொண்டே தேம்பினார்.

"எந் தப்பு தாயி," என்றார் கூத்தையா. தன் குரலே தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "ஊரு ஒரு வார்த்த சொல்லிருமேன்னு, ஒங் குரலக் கேக்காமலே இருந்துட்டேன்... நல்லாப் பாடுனியா?"

யுவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் படிக்கும்படி உதட்டை மெதுவாக அசைத்தாள்.

"ரெண்டு எடத்துல பிசகிருச்சுய்யா. வர்ற வருசம் சரியாப் பாடுறேன்."

கூத்தையா தலையாட்டினார். தட்டிய கையை விரித்து, மறுபடி அவள் மடியில் வைத்தார்.