லீக்கில் இல்லாத வருசம்

மகனின் கல்லூரி உதைபந்தாட்ட அணியை ஒரு வருசத்துக்கு லீக்கிலிருந்து விலக்கிவிட்டார்கள். முந்திய வருசம் பார்க்க வந்த சனம் மைதானத்துக்குள் பாய்ந்து நடுவர் மேல் கை வைத்ததுதான் காரணம். அடித்தது பொடியன்மார் இல்லை. ஆனால் விளையாட்டு போனது அவர்களுக்கு.

மகனுக்குக் கல்லூரியில் அது கடைசி வருசம். மாவட்ட அணிக்குத் தெரிவானால் கொழும்பில் ஏதாவது கிளப்பில் சேரலாம் என்றிருந்தான். இல்லாவிட்டால் என்னோடு கடலுக்கு வர வேண்டியதுதான். நான் எட்டாம் வகுப்போடு மீன்பிடி போட்டில் ஏறியவன். அதில் அவனையும் ஏற்ற எனக்கு மனமில்லை.

லீக் இல்லையென்றால் எங்களோடு விளையாட யாருக்கும் கடமை இல்லை. ஊர் ஊராகக் கெஞ்சித்தான் கூப்பிட வேண்டும். வருகிறவர்களுக்குப் பகல் சாப்பாடு எங்கள் வீடுகளிலிருந்து போகும். கனமூலையிலிருந்து வந்தார்கள், எத்தாளையிலிருந்து வந்தார்கள். வென்றாலும் புள்ளி இல்லை. நான் பந்தைப் பார்ப்பதேயில்லை, மகனின் கால்களைத்தான் பார்ப்பேன். யாராவது குறுக்கே விழுந்தால் ஓதத் தொடங்கிவிடுவேன்.

"கோலடிச்சா எல்லாரும் கத்துறாங்க, நீங்க மட்டும் ஓதிக்கிட்டு நிக்கிறீங்க வாப்பா" என்பான்.

கடைசியில், மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவரை ஒருநாள் வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தார் பயிற்சி கொடுக்கும் சேர். சிலாபம் பக்கத்துப் பெரிய அணியொன்றும் வருவதாகச் சொன்னது. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுகளில் பெண்கள் சோறும் இறைச்சியும் வைத்து மூடி அனுப்பினார்கள்.

பகல் ளுஹர் தொழுது வந்தும் சிலாபத்தார் வரவில்லை. சேர் போன் எடுத்தார். பஸ் பழுதாம்.

"லீக்கெண்டா இந்நேரம் மெச் நமக்குத்தான் சேர்" என்றான் கெப்டன்.

"லீக்கெண்டா அவனுகளும் வந்திருப்பானுகள்டா."

வேறு வழியில்லாமல் பொடியன்மாரை இரண்டாகப் பிரித்து, தங்களுக்குள்ளேயே விளையாட விட்டார் சேர். மகன் சொந்தக் கோல்கீப்பருக்கே கோலடித்தான். யாரும் கத்தவில்லை. ஆள் எடுக்கிறவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்தார்.

"இது பிரக்டிஸ் சேர், மெச் இல்ல. இத வெச்சி நான் என்னண்டு ஒராள எடுக்கிற?"

"சாப்பிட்டாவது போங்களே."

"இன்னொரு நாளைக்கு."

இன்னொரு நாள் இல்லையென்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

விருந்தாளிகளுக்கு வைத்த சஹன்களைச் சுற்றிப் பொடியன்மாரே உட்கார்ந்தார்கள். மகன் ஒரு பிடி வாயில் வைத்தான். அதை மென்றுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வாப்பா, நாளைக்கு போட்டு எப்ப எறக்குறீங்க?"

"விடிய சுபஹ் தொழுதிட்டு" என்றேன்.

கை கழுவ அவன் எழுந்து போனபோது பழக்கதோசத்தில் கால்களைத்தான் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.