எனக்காகத் தேர்வு எழுதிய பெண்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் எனக்குக் கரும்பலகை தெரியாமல் போனது. கல்லூரியில் முதல் வருடம் முடிவதற்குள் புத்தகமும் தெரியாமல் போனது. வெளிச்சம் தெரியும். ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது. பாடங்களைக் கைப்பேசி வாசிக்கக் கேட்டே மனதில் ஏற்றிக்கொள்வேன். தேர்வுக்கு மட்டும் இன்னொருவருடைய கை வேண்டும்.

கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. ஓர் அலமாரி, உறை பிரிக்காத ஒரு சக்கர நாற்காலி, பொறுப்புக்கு ஒரு பேராசிரியை, அவ்வளவுதான். அந்த அம்மா நல்லவர்.

"சொல்லச் சொல்ல எழுதற ஆளை நீயே கூட்டிட்டு வந்துடும்மா. உன்னைவிடக் கம்மியா படிச்சவங்களா இருக்கணும். பர்மிஷன் நான் வாங்கித் தரேன். மூணு மணி நேரப் பரீட்சைக்கு உனக்கு ஒரு மணி நேரம் கூட உண்டு" என்றார்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில். இரண்டு தெரு தள்ளி, பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். கையெழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளியில் பெயர் எடுத்தவள். அவள் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"லீவு போட்டா ஸ்கூல்ல திட்டுவாங்களே" என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு, "பரவால்ல, உனக்கு யாரு கீறாங்க. இட்டுக்கினு போ" என்றார்.

மூன்றாவது செமஸ்டரில் ஐந்து தேர்வுகள். முதல் தேர்வன்று நான் அவளிடம் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கலைந்துவிடும் என்ற பயத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் இரண்டு முறை, "அக்கா, கொஞ்சம் மெதுவா" என்றாள். மூன்றாவது முறை கேட்டபோது, "எழுத முடியலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று சீறினேன். அதற்குப் பிறகு அவள் மெதுவா என்று கேட்கவே இல்லை. பழகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

நான்காவது தேர்வு தென்னிந்திய வரலாறு. எங்களுக்குத் தனி அறை. கண்காணிப்பாளராக வேறு துறை ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். பெரிய கேள்விகளில் ஒன்று சோழர் காலக் கிராம சபையைப் பற்றியது. எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான்கு பக்கத்துக்கு வரும் அளவுக்குச் சொன்னேன். "எழுதிட்டியா?" என்று நடுவில் கேட்டேன். "எழுதிட்டேங்கா" என்றாள்.

ஒரு மணிக்குப் பொதுவான மணி அடித்தது. மற்ற அறைகளிலிருந்து பிள்ளைகள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எங்களுக்கென்று மணி எதுவும் அடிக்காது. கண்காணிப்பாளர் சொல்வதுதான் நேரம். நான் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்ததும், "டைம் ஆச்சும்மா" என்றார்.

"ரெண்டு ஆயிடுச்சா சார்?"

"ஆயிடுச்சு. இங்க கையெழுத்துப் போடு."

என் விரலைப் பிடித்து வைத்த இடத்தில் போட்டேன். அந்தப் பெண்ணும் போட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், ஒன்றே முக்கால் பஸ் அப்போதுதான் வந்து நின்றது. நடத்துநரின் குரல் எனக்குத் தெரியும். தேர்வு நாட்களில் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வருவேன், மணி பார்க்க வழியில்லை. "பஸ் லேட்டா?" என்று அவளைக் கேட்டேன். "ஆமாங்கா" என்றாள். வீடு வரும்வரை அதற்குமேல் எதுவும் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு பாடங்களில் தேறினேன். வரலாற்றில் தோல்வி. மதிப்பெண்ணைக் கேட்டபோது வேறு யாருடையதையோ வாசிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்தேன். நகல் வந்ததும் வகுப்புத் தோழி ஒருத்தி நூலகத்தில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினாள். முதல் பகுதி சரியாக இருந்தது. பிறகு வாசிப்பது நின்று நின்று வந்தது.

"இன்னாடி?"

"பாதியில நின்னுபோயிருக்குடி. இங்க ரெண்டு வரிதான் கீது. அடுத்த பக்கம் ஒண்ணுமே இல்ல."

நான்கு பக்கம் சொன்ன கிராம சபை இரண்டு வரியாக இருந்தது.

அன்று மாலை நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கம்பெனி வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. கோபத்தோடுதான் போனேன். ஆனால் என்னைப் பார்த்ததுமே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த சாரு கைய காட்டிக்கினே இருந்தாருக்கா. பேசவே இல்ல. வாட்ச்ச காட்டினாரு. வெரல ஆட்டி சீக்கிரம் சீக்கிரம்னாரு. நீங்க சொல்லிக்கினே இருக்கறப்ப பக்கத்துல வந்து நின்னு, பேப்பர்ல எழுதிக் காட்டினாரு, ஒண்ணு இருபதுக்கு வாங்கிடுவேன்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வாயில வெரல வெச்சுக் காட்டினாருக்கா. எனக்கு பயமா இருந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க சொல்றத புடிக்க முடியாம விட்டு விட்டு எழுதினேன். நிறுத்தச் சொன்னா நீங்களும் திட்டுவீங்க" என்றாள்.

எனக்கு ஒரு கை தூரத்தில், என் தலைக்கு மேலேயே அத்தனையும் நடந்திருக்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து சோழர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த அறையைப் பற்றி எப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"கம்ப்ளெயின்ட் பண்ணப் போறேன். உன் பேர் வராது" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். தோழியை விட்டு மனு எழுதவைத்துப் பேராசிரியையிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் முதல்வர் அறையில் விசாரணை. அந்த ஆசிரியரும் வந்திருந்தார்.

"முழு டைமும் குடுத்தேன் சார். ரெண்டு மணின்னு போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு எழுத வரல, நான் என்ன பண்ணுவேன்?" என்றார். குரலில் துளி நடுக்கம் இல்லை.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத்தான் பார்வை இல்லையேம்மா. அவர் கை காட்டினார்னு எப்படிச் சொல்ற?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. "எழுதின பொண்ணே சொன்னா சார்" என்றேன்.

அனுமதி விண்ணப்பத்தில் அவள் வீட்டு எண் இருந்தது. அங்கேயே அழைத்தார்கள். ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது. பக்கத்தில் அவள் அம்மா ஏதோ முணுமுணுப்பதும் கேட்டது. "டைம் குடுத்தாங்க சார். எனக்குத்தான் வேகமா எழுத வரல" என்றாள். விசாரணை அதோடு முடிந்தது.

மறுநாள் அவள் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உதவிக்குன்னுதானேம்மா அனுப்பினேன். என் பொண்ண ஏன் இதுல இஸ்துவுட்ட? ஸ்கூலுக்கு எழுதிப் போடுவாங்களோன்னு ரெண்டு நாளா சோறு துன்னல அது."

"தப்புதான்மா" என்றேன். என் அம்மா உள்ளே வரச் சொன்னார். அவர் வரவில்லை.

அடுத்த செமஸ்டரில் பேராசிரியை கல்லூரிக்குள்ளேயே எழுதுபவர்களின் பட்டியல் ஒன்று தயாரித்தார். எங்கள் அறைக்கும் இரண்டு மணிக்குத் தனியாக மணி அடிக்க ஏற்பாடு செய்தார். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் மணி அடித்தது. அரியர் தேர்வை வேறொரு பெண்ணை வைத்து எழுதித் தேறினேன். எனக்குப் பின்னால் வந்த பார்வையற்ற மாணவர்கள் இருவருக்கும் அந்த மணி அடிக்கிறது. அந்த ஆசிரியர் அங்கேயேதான் வேலை பார்க்கிறார்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை போனேன். ஒரு முறை வீடு பூட்டியிருந்தது. இன்னொரு முறை உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. இப்போது அவள் நர்சிங் படிப்பதாக என் அம்மா சொன்னார்.

போன மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். பேசவில்லை. என் பஸ் வந்ததும் முழங்கையை மெல்லப் பிடித்துப் படிக்கட்டுவரை கொண்டுபோய் விட்டார்கள். வளையல் போட்ட சின்னக் கை. "யாரு?" என்று கேட்டேன். பதில் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது. அவளாக இருக்கலாம். யாராவது ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். ஊர் வரும்வரை முழங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.