சாப்பிட்டியாம்மா?

என் அப்பா மொதாலேப் மியா, டாக்கா மௌசாக்கில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, ஏறுகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி: "சாப்பிட்டாச்சா?"

நான் ஸ்மார்ட்ஃபோன் வாங்கிக் கொடுத்ததும் அதையே ஃபேஸ்புக்கிலும் கேட்க ஆரம்பித்தார். கல்யாணப் படம், கிரிக்கெட் ஸ்கோர், மந்திரியின் அறிக்கை, எதன் கீழும் அதே கமெண்ட்தான். மந்திரி பதில் சொன்னதில்லை. நான் ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தில் நெட்வொர்க் பொறியாளர். "உங்கப்பா மனுஷன் இல்ல, ரோபோ" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

2024 ஜூலையில், அரசு வேலை இட ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பக்கத்து ராம்புராவிலிருந்து தினமும் லைவ் போட்ட ஒரு பெண்ணை அப்பா விடாமல் பார்த்தார். தூபா என்று வைத்துக்கொள்கிறேன். அவள் பெயர் அதுவல்ல. தடியடிக்கு நடுவிலும் அப்பா எழுதுவார்: "சாப்பிட்டியாம்மா?"

அவள் மூச்சிரைக்கச் சிரிப்பாள். "கண்ணீர்ப்புகைதான் சாப்பிட்டேன், சாச்சா. பிரியாணி அனுப்புங்க!"

வியாழக்கிழமை அவள் ஓடிக்கொண்டிருந்தபோது படம் உறைந்தது. என் அலுவலகத் திரையில் இணையப் போக்குவரத்தைக் காட்டும் கோடு சரிந்து அடியைத் தொட்டது. சாதாரண அழைப்பு மட்டும் வேலை செய்தது. அப்பா கூப்பிட்டார்.

"நெட்டை நீயாம்மா புடுங்குனே?"

"மேலேருந்து நிறுத்திட்டாங்கப்பா. எங்க கையில ஒண்ணுமில்ல."

"இன்ஜினீயர்னு பேரு. ஒரு வயரைச் சொருகத் தெரியல." பிறகு குரல் இறங்கியது. "அந்தப் புள்ள விழுந்துச்சா, தப்பிச்சிருச்சான்னு தெரியலையே."

"நீங்க வெளிய போகாதீங்கப்பா."

"போகலைம்மா."

மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்ததும் டீக்கடையில் ஒரு பை நிறைய வாழைப்பழமும் பன்னும் வாங்கினார். "அந்தப் புள்ள முகம் தெரியும். ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று அம்மாவிடம் ஃபோனில் சொல்லிவிட்டு ராம்புரா பாலத்தை நோக்கி நடந்தார்.

பாலத்துக்கு முன்னாலேயே குண்டு கழுத்தில் பாய்ந்தது. முன்பின் தெரியாத ஒருவர் உடலை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்தார். பை வரவில்லை. அம்மாவால் கீழே இறங்க முடியவில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது; நாலு பேர் அவரை ஐந்தாவது மாடிக்குத் தூக்கி ஏறினார்கள்.

ஃபேஸ்புக் திரும்பியபோது ஜூலையின் கடைசி நாள். செத்தவர்களுக்காக எல்லாரும் புரொஃபைல் படத்தில் தங்கள் முகத்தை எடுத்துவிட்டு வெறும் சிவப்பை வைத்திருந்தார்கள். அப்பாவின் ஃபோனைத் திறந்தேன். அவருடைய கடைசி "சாப்பிட்டியாம்மா?"வுக்குக் கீழே ஒரு சிவப்பு வட்டம், தூபாவின் பெயர்.

"சாச்சா, அன்னிக்கு ஃபோன் விழுந்து உடைஞ்சிடுச்சு. நான் நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். உங்களைத்தான் ஆளையே காணோம்?"

உன்னைத் தேடித்தான் வந்தார் என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அழித்தேன்.

"நான் அவர் மகள். அப்பா அந்த வெள்ளிக்கிழமையே இறந்துட்டார்."

பதில் வந்தது. "எப்படிக்கா?"

"பன் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்" என்று அனுப்பினேன்.