கோமதி அக்காளுக்குத் தராத பதக்கம்

சென்ற வாரம் கறுப்புக் கரையிட்ட அட்டை ஒன்று ஆலங்குளத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. “நைட் சங்கரலிங்கம் அவர்களின் அருமைத் தங்கை காலமானார்” என்று அச்சிட்டிருந்தார்கள். இறந்தவர் பெயர் எங்குமே இல்லை. அவர் பெயர் கோமதி. எனக்கு அக்காள் முறை.

இளம் வயதிலேயே கணவரை இழந்த அவருக்குத் தகப்பனார் குற்றாலத்தில் ஒரு வீடு எழுதி வைத்திருந்தார். யுத்த காலத்தில், நாடிழந்து வந்த சில ஐரோப்பியக் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களுடையது மிகச் சிறிய நாடு. அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. கல்லூரி விடுமுறையில் இருந்த என்னை அவர்களோடு ஆங்கிலம் பேச அக்காள் கூப்பிட்டுக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில், ஆனி பிறப்பதற்குள் குற்றாலத்து வீடுகளைக் காலி செய்து சீசனுக்கு வருகிறவர்களிடம் சாவி கொடுத்துவிட வேண்டும். அந்த வைகாசியில், அக்காள் வீட்டில் தங்கியிருந்தவர்களின் பிள்ளைகள் இருவர் டைபாய்டில் கிடந்தார்கள். தென்காசியிலிருந்து அண்ணன் சங்கரலிங்கம் வந்து வாசலில் நின்றார்.

“ஏட்டி கோமதி, சீசனுக்கு மதுரைக்காரவ வாராவ. இவியள மொதல்ல கிளப்பு.”

“பிள்ளைய காய்ச்சலோட கெடக்குது. எங்கன போவும்?”

“எங்கனயும் போவட்டும். வெள்ளைக்காரனுக்குப் பொங்கிப் போட நீ என்ன கவர்னர் பொண்டாட்டியா?”

“கவர்னர் பொண்டாட்டி எங்க பொங்குதா? நாந்தான் பொங்குதேன். சாவி தரமாட்டேன்ணே.”

அவர் அந்த வருஷம் தங்கைக்கு நெல் அனுப்பவில்லை. அக்காள் கழுத்துச் சங்கிலியை விற்றுக் கஞ்சி காய்ச்சினார். பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஐம்பதுகளில், நாடு திரும்பியிருந்த அந்த நாட்டார், தங்களுக்கு உதவிய அந்நியர்களுக்கென்று ‘சர்’ பட்டம் போல ஒரு நைட் பட்டம் ஏற்படுத்தினார்கள். நன்றியோடுதான் வந்தார்கள். ஆனால் நைட் பட்டம் ஆண்களுக்கு மட்டும்தானாம். “வீட்டு ஆண் யார்?” என்று கேட்டார் வந்த அதிகாரி. தென்காசியில் மேடை போட்டு, அவர்களை வெளியேற்றச் சொன்ன மனிதரின் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார்கள். அடைக்கலம் தந்த வள்ளல் என்று புகழ்ந்தார்கள். அக்காள் பின்கட்டில் விருந்தாளிகளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

“விடுட்டி. அதைக் குத்திக்கிட நமக்குச் சட்டையா இருக்கு? அந்தப் பிள்ளைய வளந்து நிக்குதுவளாம். அது போதும்” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை. அவருடைய பொறுமையை இப்போது எல்லோரும் மெச்சுகிறார்கள். அந்தப் பொறுமையால் யாருக்கு லாபம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனேன். சங்கரலிங்கம் அவர்கள் பதக்கத்தை அணிந்துகொண்டு, வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, அட்டையில அக்கா பேரை ஏன் போடல?”

“நைட் தங்கச்சின்னா ஊருக்கே தெரியும்லா.”

“அப்போ இன்னைக்கு ஒரு நாளாவது இந்தப் பதக்கத்தை அக்கா படத்துக்கு முன்னால வைங்க.”

அவர் உள்ளங்கையால் மார்பை மூடிக்கொண்டார்.

“இது எம்பேருக்கு வந்தது” என்றார். விரலிடுக்கில் பட்டு நாடாவின் நுனி மட்டும் தெரிந்தது.

கோமதி அக்கா, விடை கொடுங்கள். இந்தக் கோபத்தை நான் ஆற்றிக்கொள்ளப் போவதில்லை. உங்களுக்குச் செலுத்த என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.