நாலு பருப்பு

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூர்ப் பங்குக் கோவில்களிலிருந்து சாமியார்களை வரவழைப்பது அந்த ஊர்க் கோவிலில் வழக்கம். உள்ளூர் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிவிட்டு மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்கிற சங்கடம்தான் காரணம். வருகிறவர்களில் காது மந்தமான பெரியவர் ஒருவர் உண்டு. அவர் நாற்காலிக்கு முன்னால்தான் வரிசை அனுமார் வால் மாதிரி நீளும். மற்ற சாமியார்கள் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இருதயசெல்வி வருஷம் தவறாமல் அந்த நீள வரிசையில் நின்றவள். நின்று என்ன புண்ணியம்? பெரியவர் பக்கத்தில் முழந்தாளிட்டதும், "கோவப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி, ரெண்டு வாரம் பூசைக்கு வரல சாமி" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவாள். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அதைச் செவிட்டுக் காதில் போடக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஒன்று நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர் அது. செல்வியும் அவள் புருஷன் செபஸ்தியானும் ஒரு ஏக்கர் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து மார்கழிப் பட்டத்துக்கு நிலக்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, விதைத்தார்கள். ஏர் முன்னால் போகும். பெண்கள் மடியில் விதைப் பருப்பைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாலில் போட்டபடி பின்னால் போவார்கள். போகிற போக்கில் நாலு பருப்பு வாய்க்கும் போகும்.

முந்தின வருஷம் வேர்ப்புழு விழுந்து பாதிச் செடி போயிருந்தது. அதனால் செல்வி இந்தத் தடவை விதையில் பூச்சிமருந்தை அளவுக்கு மேலேயே கலந்தாள். ஆனால் மருந்து விதை என்று தெரிந்தால் பெண்கள் கையால் தொடமாட்டோம் என்று திரும்பிப் போய்விடுவார்கள். போன வருஷம் பக்கத்துக் கொல்லையில் அப்படித்தான் நடந்தது. செல்வி வாடை தெரியாமலிருக்க விதையைச் செம்மண்ணில் புரட்டி உலர்த்தினாள். "விதைய யாரும் வாயில போடாதீங்க, எனக்கே பத்துமோ பத்தாதோ" என்று மட்டும் சொன்னாள். இந்தக் கஞ்சப் பிசினாறியைப் பார் என்று பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

அவர்களில் அம்சா ஒருத்தி. அவளுடைய இரண்டு வயதுப் பெண் கலைப்பிரியா வரப்பில் உட்கார்ந்து அழுதது. அம்சா அக்கம்பக்கம் பார்த்தாள்; கொல்லைக்காரி பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மடியிலிருந்து நாலு பருப்பை எடுத்துப் பிள்ளை வாயில் வைத்தாள். செல்வி பார்த்தாள். கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் விஷயம் வெளியே வரும், வேலை பாதியில் நிற்கும், வாடகை ஏர் போய்விடும். நாலு பருப்பில் என்ன ஆகிவிடப் போகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அம்சா எத்தனை தடவை கொடுத்தாளோ, செல்வி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பொழுது சாய்வதற்குள் பிள்ளை வாயில் நுரை தள்ளியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விஷம் என்றார் டாக்டர். அம்சாவுக்கும் அவள் புருஷன் சீனுவாசனுக்கும் முந்தின வாரம்தான் பெரிய சண்டை நடந்திருந்தது. "புள்ளையோட மருந்தக் குடிச்சிட்டு சாவறேன்" என்று அவள் கத்தியது தெருவுக்கே தெரியும். ஊருக்கு அது போதாதா? பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தான் குடிக்கப் பயந்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். போலீஸ் விசாரித்து, சாட்சி இல்லை என்று விட்டது. ஊர் விடவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சீனுவாசன் அவளை அடித்துத் துரத்திவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டான். அம்சா திண்டிவனம் போய்விட்டாள். செல்வி அந்தச் சாவுக்குப் போய் மற்றவர்களோடு சேர்ந்து மாரடித்து அழுதுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் பூசையில் நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த வருஷம் அவள் மகள் ஜெசிக்குப் புதுநன்மை, முதன்முதலாக அந்த அப்பத்தை வாங்குகிற நாள். வீட்டில் உட்கார்ந்து ஞானோபதேசக் கேள்வி பதிலைப் பெண் உரக்கப் படித்தாள். "சாவான பாவத்தை வேண்டுமென்றே மறைத்து நன்மை வாங்குகிறவன் என்ன செய்கிறான்? தேவதுரோகம் செய்கிறான்." படித்துவிட்டு, "தேவதுரோகம்னா இன்னாம்மா?" என்று கேட்டாள். செல்வி கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். "சும்மா படி" என்று அதட்டினாள்.

புதுநன்மை அன்று தாயும் தகப்பனும் பிள்ளையின் இரண்டு பக்கமும் நின்று கூடவே நன்மை வாங்க வேண்டும். பதினாறு வருஷத் துரோகத்தோடு அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் நிற்பதா? இந்த ஒரு தடவையாவது சுத்தமாக நிற்க வேண்டும் என்று செல்விக்கு வெறியே வந்துவிட்டது.

காது மந்தமான பெரியவர் அந்தத் தவக்காலத்துக்கு வரவில்லை. முழங்கால் வலியாம். செல்வி ஆள் இல்லாத நாற்காலியாகப் பார்த்துப் போனாள். அங்கே இருந்தவர் சகாயராஜ் சாமியார், சின்ன வயது, காது நன்றாகக் கேட்கிறவர். பட்டியலை ஒப்பிக்காமல் நேரே அதையே சொன்னாள். பாதியில் அழுகை வந்து, அழுதுகொண்டே சொன்னாள்.

அவள் அழுது ஓயட்டும் என்று அவர் காத்திருந்தார். பிறகு, "ஆண்டவர் மன்னிக்காத பாவம் இல்லம்மா. ஆனா அந்தப் பொண்ணு உங்களால கெட்ட பேரோட இருக்கு. அவங்களத் தேடிப் போய் அந்தப் பேர நேராக்குங்க. அதுதான் உங்களுக்குப் பரிகாரம்" என்றார். தலைக்கு மேல் கையை நீட்டி மன்னிப்பு மந்திரம் சொன்னார்.

கோவிலை விட்டு வெளியே வந்தபோது செல்விக்கு உடம்பே கனமில்லாமல் இருந்தது. வீட்டுக்குப் போய் ஒரு தட்டுச் சோறு கூடவே சாப்பிட்டாள். பட்டப்பகலில் படுத்துத் தூங்கினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சந்தோஷம் திண்டிவனம் பஸ் ஏறுகிறவரைக்கும் இருந்தது.

அம்சா ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"செல்விக்காவா? இன்னாக்கா இவ்ளோ தூரம்? குந்துங்க."

டீ வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். செல்வி பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகளைத் தேடுவதற்குள் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஊர்ல இன்னும் அதத்தான் சொல்லிக்கினு கீறாங்களாக்கா?"

செல்வி தேய்த்துக் கவிழ்த்திருந்த அண்டாக்களைப் பார்த்தாள்.

"சொல்லட்டும். நான் மருந்து வாங்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல. ஆனா கடசியா அது வாயில வச்சது இந்தக் கைதான்க்கா. நீங்க வேணாம்னு சொல்லியும் உங்களுக்குத் தெரியாம விதைய எடுத்துக் குடுத்தேன். அத இதுவரிக்கும் யார்கிட்டயும் சொல்லல. கண்ண மூடுனா அதான் தெரியுது. அந்த விதையில மருந்து கிருந்து கலந்திருந்தீங்களாக்கா? இல்லன்னு சொல்லுங்க. என் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சிட்டா அப்பால நான் உசுரோட இருக்கமாட்டேன்."

சும்மா பேச்சுக்குச் சொல்கிறவள் முகம் இல்லை அது. ஆமாம் என்றால் இவள் உயிர் போகும். இல்லை என்றால் ஊர் கட்டிய பழி அப்படியே இவள் தலையில் இருக்கும், சாமியார் சொன்னது நடக்காது. தன் பாரத்தை இறக்கி வைக்க வந்தவளுக்கு, அது இறங்கப் போகிற இடம் இவள் தலைதான் என்பது அப்போதுதான் புரிந்தது.

"உன் மடியில கட்டிக் குடுத்த விதையில மருந்து இல்ல அம்சா" என்றாள். "என் கூடையில இருந்ததுலதான் கலந்திருந்தேன். நீ அந்தாண்ட சால்ல இருந்தப்ப புள்ள அழுதுச்சு. அதுல இருந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அது பொய். அன்றைக்குக் கொல்லையில் இருந்தது ஒரே விதை. எல்லார் மடியிலும் அதுதான்.

"தெரியாம குடுத்தியா?"

"தெரிஞ்சிதான். நாலு பருப்புல இன்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன்."

சொன்னதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் நிஜம்.

அம்சா சாம்பல் அப்பிய இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் குடுத்ததால இல்ல" என்றாள்.

"இல்ல."

"சாமி மேல சத்தியமா?"

"சத்தியமா."

அம்சா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்தாள். கையில் அகப்பட்ட கரண்டியால் செல்வியின் நெற்றியில் அடித்தாள். "பதினாறு வருசம் பாத்துக்கினு இருந்தியாடி" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். மண்டபத்து ஆட்கள் ஓடி வந்து பிரித்துவிட்டார்கள்.

மறுவாரம் அம்சா ஊருக்குள் வந்து நின்றாள். சீனுவாசன் வீட்டு வாசலில், கோவில் வாசலில், டீக்கடையில், எல்லா இடத்திலும் சொன்னாள். அவளைப் பேசின அதே வாய்கள் அன்றைக்கே செல்வியைப் பேச ஆரம்பித்தன. சீனுவாசன் கேஸ் கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். செல்வி கொல்லைக்கு வேலைக்கு வர ஆள் இல்லை. செபஸ்தியான், "எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலயே" என்றதோடு சரி, அதற்குப் பிறகு அவளிடம் வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு இசைவாணி ஒருத்திதான் வேலி ஓரம் நின்று ஒரு சேதி சொன்னாள். அம்சா இப்போதெல்லாம் வயிறாரச் சாப்பிடுகிறாளாம், படுத்தால் தூங்குகிறாளாம்.

புதுநன்மைக்கு முந்தின நாள் செல்வி மறுபடியும் சகாயராஜ் சாமியாரைத் தேடிப் போய் முழந்தாளிட்டாள்.

"பொய் சொன்னேன் சாமி. பொய்ச் சத்தியமும் பண்ணேன்." நடந்ததைச் சொன்னாள்.

"அதுக்கு வருத்தப்படுறீங்களாம்மா?"

செல்வி யோசித்தாள். வருத்தம் இருக்கிறதா என்று உள்ளுக்குள் தேடிக்கூடப் பார்த்தாள்.

"இல்ல சாமி. மறுபடியும் கேட்டா மறுபடியும் அதத்தான் சொல்லுவேன்."

"வருத்தம் இல்லாததுக்கு மன்னிப்புக் குடுக்க என்னால முடியாதும்மா. இரக்கத்துல சொன்ன பொய், பெரிய பாவமா எண்ணாதீங்க. நன்மை வாங்க வேணாம்னு நான் சொல்லல. அது உங்க மனசாட்சி."

"சாமி பேர்ல பொய்ச் சத்தியம் பண்ணிக்கீறேன் சாமி. ஒண்ண மறைச்சிக்கினு இத்தினி வருசம் வாங்கிட்டேன். இன்னொண்ண வச்சிக்கினு வாங்கமாட்டேன்" என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் ஜெசி வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாக, கையில் மெழுகுவத்தியோடு பீடத்துக்குப் போனாள். செபஸ்தியான் ஒரு பக்கம் நின்றார். இன்னொரு பக்கம் ஆள் இல்லை. பிள்ளை திரும்பிக் கூட்டத்தில் தேடியது. கடைசி வரிசையில், தூணை ஒட்டி, யாரும் பக்கத்தில் உட்காராத இடத்தில் செல்வி தலைகுனிந்து இருந்தாள். நெற்றிக் காயம் இன்னும் ஆறவில்லை.

பூசை முடிந்ததும் ஜெசி ஓடி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏம்மா வரல? எப்பதான் வாங்குவ?"

செல்வி பிள்ளையின் தலையில் சாய்ந்திருந்த பூமுடியை நிமிர்த்தி வைத்தாள். அவளுக்குப் பதில் தெரியும். அம்சா கண்ணை மூடின பிறகுதான் அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க முடியும். அம்சா அவளை விட வயதில் சின்னவள், இப்போது வயிறாரச் சாப்பிடுகிறவள், நன்றாகத் தூங்குகிறவள். அவள் இருக்கிறவரைக்கும் செல்விக்கு மன்னிப்பு இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொல்லி முடிந்ததும், வழக்கம்போல ஆளுக்கொரு மன்றாட்டுச் சொன்னார்கள். ஜெசி பரீட்சைக்குச் சொன்னாள். செபஸ்தியான் மழைக்குச் சொன்னார். செல்வியின் முறை வந்தது.

"அம்சாவுக்கு நீண்ட ஆயுசக் குடு ஆண்டவரே" என்றாள்.